வண்டிக்குள் பேசக் கூடாதவை

காரைக்குடியில் கதிரவன் நடத்தும் டிராவல்ஸில் ஒரே ஒரு சட்டம்தான். வண்டி தாமதமாகப் போனால் மன்னிப்பு உண்டு. ஏசி மக்கர் செய்தால் சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் பயணிகளை வைத்துக்கொண்டு சாவு, நோவு, சங்கடம் என்று டிரைவர் வாயைத் திறந்தானோ, அன்றைக்கே சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும்.

சட்டம் வந்ததற்குக் காரணம் பெத்தன் என்கிற டிரைவர். போன ஆவணியில் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்றை ஏற்றிக்கொண்டு போனபோது, சித்தப்பா இறந்த சேதியை மனசு தாங்காமல் அவர்களிடம் சொல்லிவிட்டான். நேரில் "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டியவர்கள்தான், ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒற்றை ஸ்டார் போட்டு எழுதினார்கள். 'கோயிலுக்குப் போகிற வழியில் டிரைவர் சாவுச் சேதி சொன்னார். பயணமே கெட்டது. காரைக்குடி நாங்கள் நினைத்த மாதிரி இல்லை.' பெத்தனின் சித்தப்பா செத்ததற்கும் ஊர் நினைத்த மாதிரி இல்லாமல் போனதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு மாதம் ஆள் வரத்து பாதியாகிப் போனது. பெத்தன் இப்போது தேவகோட்டைப் பக்கம் லோடு ஆட்டோ ஓட்டுகிறான்.

சட்டம் போட்ட அன்றைக்கு எல்லா டிரைவர்களையும் வரிசையாக நிற்க வைத்துக் கதிரவன் சொன்னது இது: "வாரவுக யாரும் காரைக்குடியப் பாக்க வரலைப்பா. போன்லயே பாத்துப் பாத்து மனசுக்குள்ள ஒரு காரைக்குடியக் கட்டிக்கிட்டு வாராக. நம்ம ஊரு அதுல பாதிகூட இருக்காது. அவுக கட்டுனதை இடிச்சிராம, பத்திரமாத் திருப்பி அனுப்பணும். நம்ம தொழில் அம்புட்டுத்தான்."

இந்தத் தொழிலில் நாகேந்திரனை மிஞ்ச ஆள் கிடையாது. வயது நாற்பத்தொன்று. தச்சாசாரி வீட்டுப் பிள்ளை. உளி பிடிக்க வேண்டிய கை ஸ்டீயரிங் பிடித்துவிட்டதே என்று சொந்தக்காரர்கள் அங்கலாய்த்ததுண்டு. அவனுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. மரத்தைவிட மனிதர்களோடு பேசுவது அவனுக்குப் பிடித்திருந்தது. பூட்டிய வீட்டைப் பார்த்து ஏமாந்த முகத்தைக்கூட இரண்டே கதையில் மலர வைத்துவிடுவான். பன்னிரண்டு வருடத்தில் ஒருவர்கூட அவனுக்கு நாலு ஸ்டார் போட்டதில்லை. எல்லாம் அஞ்சுதான்.

பொங்கல் முடிந்த சனிக்கிழமை. காலை ஏழே முக்காலுக்கு லாட்ஜ் வாசலில் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். போன் அடித்தது. அக்கா மகள் ராஜப்ரியா.

"மாமா, அம்மா போயிருச்சு மாமா."

அக்கா வள்ளிக்கண்ணுவை ஒக்கூரில் கட்டிக்கொடுத்திருந்தது. இரண்டு வருடமாகச் சிறுநீரகக் கோளாறு. வாரம் இரண்டு தடவை சிவகங்கைக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவாள். என்றாவது ஒருநாள் இந்த போன் வரும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்திருந்தால் மட்டும் என்ன, கையிலிருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது.

"நேத்து ராத்திரி ரெண்டு இட்லி சாப்பிட்டுச்சு மாமா. நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்துச்சு." அவளுடைய அப்பா சுந்தரம் போனை வாங்கினார்.

"மாப்ள, நாலு மணிக்கு எடுக்குறதாப் பேசியிருக்கு. கோடி நீதான் கொண்டாரணும். உன்னைய விட்டா அவளுக்கு யாரு இருக்கா? வந்துருப்பா."

கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும். அதைத்தான் கோடி என்பது. உடன்பிறந்தவன் தன் கையால் அதைப் போர்த்த வேண்டும். அதன் பிறகுதான் உடம்பைத் தூக்குவார்கள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வள்ளிக்கண்ணுவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது இந்தத் தம்பி ஒருத்தன்தான்.

நாகேந்திரன், மனைவி மீனம்மாளுக்கு போனில் சொல்லி, கிடைக்கிற முதல் பஸ்ஸில் ஒக்கூருக்குப் போகச் சொன்னான். பிறகு கதிரவனைக் கூப்பிட்டான்.

"அடப்பாவமே," என்று கதிரவன் உண்மையாகவே பதறினார். கல்நெஞ்சுக்காரர் அல்ல. "ஆனா நாகு, பொங்கல் கூட்டம்ப்பா. பதினோரு வண்டியும் வெளிய நிக்குது. மாத்தி விட ஆளே இல்லை. நீ ஏத்தப்போறது புதுசாக் கல்யாணமான சோடி. கல்யாணமாகி இருபது நாளுதான் ஆச்சாம். அவுக காதுல இது விழுந்துறக் கூடாது. ரெண்டு மணிக்குச் சாப்பாட்டோட முடிச்சு லாட்ஜுல விட்டுரு. அந்த வண்டியவே எடுத்துக்கிட்டு ஒக்கூருக்குப் போ."

ரெண்டு மணிக்கு முடித்தால், சேலை எடுக்கக் கால் மணி, ஒக்கூருக்கு முக்கால் மணி. மூன்று மணிக்கெல்லாம் அக்கா பக்கத்தில் இருக்கலாம். நாகேந்திரன் முகத்தைக் கழுவிக்கொண்டான். லாட்ஜ் படியில் இறங்கி வந்த இருவரையும் பார்த்து, "வாங்க வாங்க, காரைக்குடி உங்களை வரவேற்குது" என்று எப்போதும் சொல்கிற அதே சிரிப்போடு சொன்னான்.

கார்த்திக், நிவேதா. இருவரும் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. மஞ்சள் கயிற்றின் நிறம் இன்னும் மங்காத பெண். வண்டியில் ஏறியதுமே நிவேதா போனை நீட்டினாள். "அண்ணா, மூணு வருஷமா சேர்த்து வச்சிருக்கேன், பாருங்க." வரிசையாகப் படங்கள். ரோஸ் நிறத் தூண்கள், பூ வேலைப்பாடு போட்ட தரை, கண்ணாடி வழியாக விழும் கலர் கலரான வெயில், தலைவாழை இலை நிறையப் பதார்த்தம். "நேத்து ஸ்டேஷன்ல இறங்கினதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. மொபைல் கடை, பேக்கரி, பிளெக்ஸ் பேனர். எங்க ஊரு மாதிரியே இருக்கு. நிஜமான காரைக்குடி எங்க இருக்குண்ணா?"

"இன்னைக்குக் காட்டுறேன் மேடம்," என்றான் நாகேந்திரன். நிஜமான காரைக்குடியில் அவனுக்கு அக்கா இறந்த சேதி வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

முதலில் அரியக்குடிப் பெருமாள் கோயில். புதுத் தம்பதி கும்பிட வேண்டிய இடம் என்று அவர்களே பட்டியலில் எழுதி வைத்திருந்தார்கள். உடன்பிறந்தவள் செத்தால் மூன்று நாள் தீட்டு. அந்தத் தீட்டோடு கோயில் வாசலில் வண்டியை நிறுத்துவதே அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. நிவேதாவோ விடவில்லை.

"வாங்கண்ணா, எங்க ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுங்க."

"இல்லை மேடம், வண்டிய எடுக்கச் சொல்லுவாக. நான் இங்குட்டே நிக்கிறேன்."

அவர்கள் உள்ளே போனதும் தெருவின் கடைசிக்குப் போய்ப் புளியமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டான். அழுதுவிடலாம் என்றுதான் போனான். அழுகை வரவில்லை. முகம் வீங்கினால் தெரிந்துவிடுமே என்ற பயம் அதையும் அடைத்துவிட்டது. திரும்பி வந்தபோது நிவேதா துளசியை நீட்டினாள். தீட்டுக்காரன் கையில் பெருமாள் துளசி. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். வாங்கினான். கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல் பாவனை செய்துவிட்டு, அவர்கள் பார்க்காதபோது மரத்தடியில் வைத்துவிட்டு, மனசுக்குள் பெருமாளிடம் மன்னிப்புக் கேட்டான். அந்தப் பிள்ளைகளிடமும்தான் கேட்டான்.

கானாடுகாத்தானுக்குப் போனபோது மணி பத்தரை. நிவேதா போனில் அதிகம் சேர்த்து வைத்திருந்தது அங்கே ஒரு வீட்டைத்தான். கதவு சாத்தியிருந்தது. வீட்டுக்காரர்கள் முன்னோருக்குப் படைப்புப் போட வந்திருக்கிறார்கள், இன்றைக்கு வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்று காவல்காரர் கையை விரித்தார். நிவேதாவின் முகம் சுருங்கிப் போனது. வெளியிலிருந்து படம் எடுக்கக்கூட மனசில்லாமல் நின்றாள்.

"விடும்மா, ஒரு வீடுதானே," என்றான் கார்த்திக்.

"உனக்கு ஒரு வீடு. நான் ஹனிமூனுக்கு வெளிநாடு வேணாம்னு சொன்னதே இதுக்காகத்தான்."

நாகேந்திரன் மணியைப் பார்த்தான். மனம் குறைப்பட்டால் அவர்கள் இன்னும் இரண்டு இடம் பார்க்க வேண்டும் என்பார்கள். நிறைந்துவிட்டால் சீக்கிரம் அறைக்குப் போகலாம் என்பார்கள். அவன் அனுபவம் அப்படித்தான் சொன்னது. தெரிந்த வீட்டுக் காவல்காரர்களுக்கெல்லாம் வரிசையாக போன் போட்டான். கடைசியில் நேமத்தான்பட்டி மலையாண்டி அகப்பட்டார். "கூட்டியா, திறந்து விடுறேன். ஆனா உள்ள தூசியாக் கெடக்கு," என்றார்.

தூசி மட்டும் என்றால் பரவாயில்லை. தூண்கள் இருந்தன, சாயம் உரிந்துபோய். முற்றத்தில் புறா எச்சம். மூலையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நிவேதா மெல்லச் சுற்றி வந்தாள். "படத்துல பார்த்த மாதிரி இல்லையே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மணி பன்னிரண்டு. நாகேந்திரன் தொண்டையைச் செருமினான். ஒரு கதை சொன்னால்தான் உண்டு. எப்போதும் கைவசம் இருக்கும் செட்டியார் வீட்டுக் கதைகளில் ஒன்றைச் சொல்லத்தான் வாயெடுத்தான். வாயில் வந்தது வேறு.

"இந்த வீட்டு வளவுலதான் மேடம் ஒரு கல்யாணம் நடந்துச்சு. பொண்ணுக்கு இருபது வயசு. கூடப்பொறந்தது ஒரே தம்பி. பத்து வயசுப் பய. கூறைச்சேலைத் தட்டை நான்தான் தூக்குவேன்னு ஒத்தக்கால்ல நின்னான். சரின்னு குடுத்துட்டாக. அங்குட்டு இருந்து நடந்து வாரான். சபையே பாக்குது. அந்தா, அந்த நெலைப்படி தடுக்கி, தட்டோட குப்புற விழுந்துட்டான். தேங்காய் ஒருபக்கம், மஞ்சள் ஒருபக்கம். சேலை மண்ணுல. பெரியவுகள்லாம் அபசகுனம்னு மூஞ்சியச் சுளிச்சாக. ஒரு ஆளு பயலை அடிக்கவே கைய ஓங்கிட்டாரு."

"அப்புறம்?" நிவேதா தூணைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"மணவறையில இருந்த பொண்ணு எந்திரிச்சு வந்துருச்சு. மாலையும் கழுத்துமா. கல்யாணப்பொண்ணு அப்படி எந்திரிக்கக் கூடாது. அது யாரையும் கேக்கலை. பயலைத் தூக்கி நிறுத்தி, கட்டியிருந்த பட்டுச்சேலை முந்தானையாலயே அவன் மூக்கைத் தொடைச்சு விட்டுச்சு. 'இந்தச் சேலைதான் எனக்கு வேணும். இவன் கையாலதான் வேணும்'னு சொல்லி, மண்ணைத் தட்டி அவன்கிட்டயே குடுத்து, திரும்ப வாங்கிக்கிருச்சு."

நடந்தது இந்த வீட்டில் இல்லை. ஆசாரித் தெருவில், தென்னங்கீற்றுப் பந்தலுக்குக் கீழே. மூக்கு அவனுடையது. முந்தானை வள்ளிக்கண்ணுவுடையது. அக்காவை ஒரு மாளிகைக்குள் கொண்டுவந்து நிறுத்தியதும் அவன் குரல் உடைந்தது. நிவேதாவின் கண்ணிலும் நீர் கட்டியது.

"நீங்க எவ்வளவு உருகிச் சொல்றீங்கண்ணா," என்றாள். சுற்றிலும் பார்த்தாள். இப்போது புறா எச்சம் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. "இதுதான் நான் நினைச்ச காரைக்குடி. கார்த்திக், இங்க வா, அந்தத் தம்பி விழுந்த இடம் இது!"

நாகேந்திரன் எதிர்பார்த்தபடியே அவள் மனம் நிறைந்துவிட்டது. ஆனால் சீக்கிரம் கிளம்பலாம் என்று அவள் சொல்லவில்லை. ஒவ்வொரு தூணாகத் தொட்டுப் பார்த்தாள். நிலைப்படியில் உட்கார்ந்தாள். இன்னும் சொல்லுங்கள் என்றாள். சாப்பாட்டுக்குப் போகும்போதே மணி ஒன்றரையாகிவிட்டது.

மெஸ்ஸில் நல்ல கூட்டம். "நீங்களும் உட்காருங்கண்ணா," என்று கார்த்திக் கையைப் பிடித்து இழுத்தான். துக்கம் வீட்டில் கிடக்கும்போது எப்படிச் சாப்பிடுவது? "சனிக்கிழமை விரதம் சார்," என்று சொல்லிவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்தான். சுந்தரத்திடமிருந்து போன்.

"மாப்ள, கிளம்பிட்டியா?"

"இந்தா, கிளம்பிக்கிட்டே இருக்கேன் மச்சான்."

இரண்டரைக்கு அவர்கள் வெளியே வந்தார்கள். நாகேந்திரன் வண்டியைக் கிளப்பும் முன்பே நிவேதா சொன்னாள்: "அண்ணா, கண்டாங்கிச் சேலை ஒண்ணு எடுக்கணும். நல்ல கடையா கூட்டிட்டுப் போங்க." அவனுக்கும் சேலை எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு வேலையும் ஒன்றாக முடியட்டும் என்று அழைத்துப் போனான்.

கடையில் அவர்களை ஒருபக்கம் உட்கார வைத்துவிட்டு அவன் மறுபக்கம் போனான். கோடி எடுப்பவன் நிறம் பார்ப்பதில்லை, பேரம் பேசுவதில்லை. கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு போய்விடுவான். நாகேந்திரன் எடுக்கும் முன் நிவேதா பக்கத்தில் வந்து நின்றாள்.

"யாருக்குண்ணா? அண்ணிக்கா?"

"இல்லை மேடம். எங்க அக்காவுக்கு."

"அட! என்ன விசேஷம்?"

நாகேந்திரன் கடைக்காரரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "ஒரு விசேஷம் இருக்கு மேடம்," என்றான்.

"அக்காவுக்குப் போய் இப்படிக் கண்ணை மூடிட்டு எடுப்பாங்களா? தள்ளுங்க, நான் பார்க்கிறேன். அக்கா என்ன நிறம்?"

"மாநிறம்."

"குண்டா, ஒல்லியா?"

"முன்னாடி நல்லா இருக்கும். இப்ப மெலிஞ்சுபோச்சு."

அந்தப் பெண் பத்துச் சேலையைப் பிரிக்கச் சொன்னாள். ஒன்றைத் தன் தோளில் போட்டுப் பார்த்தாள். வேண்டாம், வயசாகக் காட்டும் என்றாள். கடைசியில் அரக்கு நிறத்தில் மஞ்சள் கரை போட்ட சேலையைத் தேர்ந்தெடுத்தாள். "இது அக்காவுக்கு எடுப்பா இருக்கும். கட்டினதும் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பணும், சரியா?"

நாகேந்திரன் தலையை ஆட்டினான். இருபது நாள் கல்யாணப்பெண் தன் கையால் சவக்கோடி தேர்ந்தெடுக்கிறாள். இதைவிடப் பெரிய பாவத்தை அவளுக்கு யாரும் செய்திருக்க முடியாது என்று நினைத்தான். இப்போது சொல்லிவிட்டால் என்ன என்றும் ஒரு கணம் தோன்றியது. இனி எப்படிச் சொல்வது? காலையிலேயே சொல்லியிருந்தால் வெறும் சேதியாகப் போயிருக்கும். இத்தனைக்கும் பிறகு சொன்னால் அந்தப் பெண் சேலையைத் தொட்ட தன் கையைப் பார்த்துக்கொள்வாள்.

வெளியே வரும்போது மணி மூன்றேகால்.

"ரூம்ல விட்டுரட்டுங்களா மேடம்?"

நிவேதாவும் கார்த்திக்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அண்ணா, ஒரே ஒரு ஆசை," என்றாள் அவள். "எனக்கு எடுத்த இந்தக் கண்டாங்கியைக் கட்டிக்கிட்டு அந்த நேமத்தான்பட்டி வீட்டுல நின்னு ஒரு வீடியோ எடுக்கணும். அந்தக் கல்யாணக் கதையை நீங்க சொல்லணும். சாயங்கால வெயில் நல்லா இருக்கும். பத்தே நிமிஷம்."

நேமத்தான்பட்டி ஒருபக்கம். ஒக்கூர் நேர் எதிர்ப்பக்கம்.

முடியாது, எனக்கு வேறு சவாரி இருக்கிறது என்று சொல்ல ஒரு நொடி போதும். அதற்குச் சாவைப் பற்றிச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. நாகேந்திரன் வாயைத் திறந்தான். அந்த முகம் காலையில் கானாடுகாத்தானில் சுருங்கியது போலவே மறுபடி சுருங்கும். காரைக்குடி நாங்கள் நினைத்த மாதிரி இல்லை என்று எழுதிவிட்டுப் போவார்கள். அந்த பயம் ஒன்று. ஆனால் பழி முழுவதையும் அந்த பயத்தின்மேல் போடுவது நியாயமில்லை. அந்தக் கதையை இன்னொரு தடவை சொல்ல அவனுக்கே ஆசையாக இருந்தது. அந்தக் கதைக்குள் அக்கா எழுந்து நடந்து வந்தாள். ஒக்கூரில் அவள் படுத்துக் கிடந்தாள்.

"சரி மேடம்," என்றான். கோடிச்சேலைப் பையை முன்சீட்டில் வைத்துவிட்டு, வண்டியை எதிர்ப்பக்கம் திருப்பினான்.

மலையாண்டி மறுபடியும் கதவைத் திறந்துவிட்டார். நிவேதா உள்அறையில் சேலை மாற்றிக்கொண்டு வந்து தூணருகே நின்றாள். கார்த்திக் போனை ஒரு தாங்கியில் நிறுத்தினான். "அண்ணா, உங்க போனை மட்டும் சைலன்ட்ல போட்டுடுங்க. நடுவுல அடிச்சா வீணாயிடும்." நாகேந்திரன் போட்டான்.

முதல் தடவை வெயில் சரியில்லை. இரண்டாவது தடவை புறா பறந்தது. மூன்றாவது தடவை நாகேந்திரன் கல்யாணத்தில் ஆரம்பித்து, நிலைப்படி வரைக்கும் வந்து, தட்டு விழுந்த இடத்தில் நின்றான்.

"மணவறையில இருந்து பொண்ணு எந்திரிச்சு வந்துச்சு. வந்து..."

அதற்கு மேல் வரவில்லை. பத்து வயதுப் பையனைப்போல நிலைப்படியில் உட்கார்ந்தான். காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்தது மொத்தமாக உடைந்தது. முகத்தில் அறைந்துகொண்டு ஓவென்று அழுதான்.

"அண்ணா! என்னாச்சு? உடம்புக்கு முடியலையா?"

"எங்க அக்கா காலையில செத்துப்போச்சு தாயி. நாலு மணிக்கு எடுக்குறாக. நீங்க பாத்து எடுத்துக் குடுத்த சேலை கோடிச்சேலை. நான்தான் கொண்டுபோய்ப் போத்தணும்."

நிவேதா கையால் வாயை மூடிக்கொண்டாள். கார்த்திக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மணி நாலு ஐந்து.

"ஏண்ணா சொல்லலை?" அவள் குரல் கத்தலாகவே வந்தது. "காலையிலேயே ஏன் சொல்லலை?"

"புதுசாக் கல்யாணமானவுக. நல்லது பாக்க வந்திருக்கீக. உங்ககிட்டப் போயி..."

"எங்கப்பா போய் ரெண்டு வருஷம்தாண்ணா ஆகுது. எனக்குத் தெரியாதா சாவுன்னா என்னன்னு? எங்களைப் பத்தி என்ன நினைச்சீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே அனுப்பியிருப்போமே! ஒரு ஆட்டோ பிடிச்சுப் போயிருப்போமே!" அவளும் அழுதாள். "எழுந்திருங்க. நாங்க பஸ்ல போயிக்கிறோம். நீங்க போங்கண்ணா. போங்க!"

கார்த்திக்தான் அவனைக் கைத்தாங்கலாக வண்டிவரை கூட்டிப் போனான். ஓட்ட முடியுமா, நான் ஓட்டட்டுமா என்று இரண்டு தடவை கேட்டான். நாகேந்திரன் வேண்டாம் என்று தலையாட்டினான்.

'ஒரு வார்த்தை சொல்லியிருந்தா' என்று நிவேதா கத்தியது வழியெல்லாம் அவனைப் பிடுங்கித் தின்றது. அவர்கள் பொல்லாதவர்களாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! உன் அக்கா செத்தால் எங்களுக்கென்ன என்று சொல்லியிருந்தால் திட்டிக்கொண்டே ஓட்டியிருக்கலாம். காரைக்குடியைப் பற்றி ஆயிரம் கற்பனையோடு வருகிறார்கள் என்று பன்னிரண்டு வருடமாக வருகிறவர்களையெல்லாம் பார்த்து உள்ளுக்குள் சிரித்தவன், வருகிறவர்களைப் பற்றித் தானும் ஒரு கற்பனையைக் கட்டி வைத்திருந்தான். அவர்களுடையது நிஜமில்லை என்றால் இரண்டு நாள் முகவாட்டம், அவ்வளவுதான். திருப்பத்தூர் தாண்டும்போது போனை எடுத்துப் பார்த்தான். பதினான்கு தடவை அடித்து ஓய்ந்திருந்தது.

ஒக்கூரில் தெரு முனை திரும்பும்போதே தெரிந்துவிட்டது. வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவி விட்டிருந்தார்கள். ஈரம் தெருவரைக்கும் ஓடியிருந்தது. உடம்பு இருக்கும்போது யாரும் வாசலைக் கழுவ மாட்டார்கள்.

மீனம்மாள் ஓடி வந்தாள். அவள் கேட்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "நாலரை வரைக்கும் வச்சுப் பாத்தாக," என்றாள். "பொழுது சாயுது, வெளியூர்க்காரவுகல்லாம் கிளம்பணும்னு பெரியவுக சத்தம் போட்டாக. உங்களுக்கு போன் போட்டுப் போட்டு ராஜப்ரியா கையே ஓஞ்சுபோச்சு."

"கோடி?"

மீனம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "முக்குக் கடையில ஒண்ணு எடுத்தாந்தாக. எதிர்த்த வீட்டுக் கண்ணம்மை மகனை நிக்க வச்சு, பொறந்த வீட்டுக்காரன்னு சொல்லி, அவனைப் போத்தச் சொன்னாக."

அவன் சுடுகாட்டுக்கு ஓடினான். சிதை எரிந்துகொண்டிருந்தது. சுந்தரம் ஈர வேட்டியோடு தள்ளி நின்றார். "வந்துட்டியா மாப்ள," என்று மட்டும் சொன்னார். அதில் கோபம் துளியும் இல்லாதது அவனுக்கு இன்னும் வலித்தது. அவன் கையில் இருந்த பையைப் பார்த்த ஒரு பெரியவர், முகம் மூடிய பிறகு கோடி செல்லாது என்றார். சரிதான், செல்லாது. நாகேந்திரன் சேலையைப் பிரித்துக் கால்மாட்டில் இருந்த விறகின்மேல் வைத்தான். யாரும் தடுக்கவில்லை. மஞ்சள் கரை முதலில் சுருண்டது. அக்காவின் முகத்தைக் கடைசியாக அவன் பார்த்தது மாட்டுப்பொங்கல் அன்று. அன்று அவள், அடுத்த வாரம் வா, பேசலாம் என்று அனுப்பியிருந்தாள்.

குளித்துவிட்டு ஆண்கள் வீடு திரும்பியபோது விளக்கு ஏற்றி வைத்திருந்தது. ராஜப்ரியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். நாகேந்திரன் அவளுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தான். பக்கத்தில் போகத் தைரியம் இல்லை. அவள்தான் முதலில் பேசினாள்.

"வண்டியில வந்தவுக ரொம்பப் பொல்லாதவுகளா மாமா?"

அவன் தோளில் கிடந்த ஈரத்துண்டை எடுத்து மடித்தான்.

"கேட்டுப் பாத்தீகளா? அம்மா செத்துப்போச்சுன்னு சொல்லியுமா விடலை?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளே அந்தப் பொய்யை எடுத்து அவன் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். முகம் தெரியாத சென்னைக்காரர்கள்மேல் பழி போய்விடும். தாய்மாமன் அவளுக்கு மிஞ்சியிருப்பான். ஊரார் மனம் குளிர எத்தனையோ கதை சொன்னவனுக்கு அன்றைக்கு ஒரு கதையும் வரவில்லை.

"நல்லவுக தாயி," என்றான். "சொல்லியிருந்தா அப்பவே விட்டிருப்பாக. நான்தான் சொல்லலை."

ராஜப்ரியா அவனைப் பார்த்தாள். பிறகு எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, உள்ளே பெண்கள் இருந்த பக்கம் போய்விட்டாள்.